பிக்கரல் பிடிக்கப் போகிறீர்களா? எந்த அளவு மீனை வீட்டுக்குக் கொண்டுவருவது?

"இதை வைத்துக்கொள்ளலாமா அண்ணா?"

மே மாதத்து இரண்டாம் சனிக்கிழமை, ரைஸ் ஏரிக் கரையில் ஒரு தம்பி என்னிடம் கேட்டது. கையில் மீன், வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. அவர் மனைவி செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். அளவு நாடா எங்கே என்று கேட்டேன். காரில் இருக்கிறதாம். காரோ கூப்பிடு தூரத்துக்கு அப்பால் நிற்கிறது. அவர் ஓடிப்போய் எடுத்துவந்து அளப்பதற்குள் மீன் சோர்ந்துவிட்டது. அளந்தால் 52 செ.மீ. அந்த ஏரியில் 50 செ.மீட்டருக்கு மேற்பட்டதை விட்டுவிட வேண்டும். விட்டோம். பிழைத்ததா என்பது ஏரிக்குத்தான் தெரியும்.

அந்தக் கேள்விக்கான பதிலைத் தூண்டில் தண்ணீரில் விழுவதற்கு முன்பே தயார்செய்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். டொரன்டோவிலிருந்து காலையில் கிளம்பி அன்றிரவே திரும்பிவிடக்கூடிய ஒன்டாரியோ நீர்நிலைகளை மனத்தில் வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதலில் மீனை அடையாளம் காணுங்கள்

ஒன்டாரியோக்காரர்கள் இதைப் பிக்கரல் என்கிறார்கள். அரசு விதிப் புத்தகம் வால்ஐ என்கிறது. கியூபெக்கில் டோரே. மூன்றும் ஒரே மீன்தான். வால்ஐ என்ற பெயரைக் கேட்டு, "நம் ஆற்று வாளைதானே?" என்று ஒரு பெரியவர் கேட்டார். இல்லை ஐயா, வாளை கெளுத்திக்கு உறவு, இது பெர்ச் குடும்பம். பெயரின் ஒலி மட்டும்தான் ஒத்துப்போகிறது.

கண்ணைப் பார்த்தால் போதும், ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். பெரியது, கண்ணாடிக் குண்டு போன்றது. இரவில் டார்ச் அடித்தால் பூனைக்கண்ணாக மின்னும். கொடுவாயின் கண் இருட்டில் ஒளிர்வதைப் பார்த்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று இருப்பதால் மங்கல் வெளிச்சத்திலும் இதற்குக் கண் தெரியும். இதை நினைவில் வையுங்கள், எப்போது போவது என்பதற்கு இதுவே விடை. உடல் பொன்னும் பச்சையும் கலந்த நிறம். வாலின் கீழ் நுனியில் வெள்ளைத் தீற்றல். முதல் முதுகுத் துடுப்பின் பின்கோடியில் கரும்புள்ளி. சாகர் என்று இதன் தம்பி முறையில் ஒரு மீன் உண்டு. அதற்கு அந்த வெள்ளை நுனி இருக்காது, துடுப்பெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கும். எண்ணிக்கை வரம்பில் இரண்டையும் சேர்த்தே கணக்கிடுவார்கள்.

தொடும்போது கவனம். வாயில் கூரிய பற்கள், முதுகில் முள், செவுள் மூடியின் ஓரம் பிளேடு மாதிரி. பாஸ் மீனைப் பிடிப்பதுபோல் கீழுதட்டில் கட்டைவிரலைக் கொடுத்தால் அன்று முழுவதும் விரலில் துணி சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

உரிமமும் மண்டலமும்

18 வயது முதல் 64 வரை உள்ளவர்களுக்கு உரிமம் வேண்டும். அவுட்டோர்ஸ் கார்டு என்ற அரசு அட்டை, அதன்மேல் மீன்பிடி உரிமம். உரிமத்தில் இரண்டு வகை: 'ஸ்போர்ட்' என்பதில் அதிக மீன் வைத்துக்கொள்ளலாம், 'கன்சர்வேஷன்' என்பதில் குறைவு, விலையும் குறைவு. புதிதாகத் தொடங்குகிறவருக்கு இரண்டாவதே தாராளம். முதல் ஆண்டில் நான்கு பிக்கரல் பிடித்து வரம்பை முட்டிய புதியவரை நான் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்து. குடும்பத்தோடு ஒரு நாள் முயன்று பார்க்கலாம் என்றால், கனடாவில் வசிப்பவர்களுக்கு உரிமமில்லாமல் மீன்பிடிக்க அனுமதிக்கும் நாட்கள் உண்டு: பிப்ரவரியில் ஃபேமிலி டே வார இறுதி, அன்னையர் தினம், தந்தையர் தினம் வரும் வார இறுதிகள், கனடா தினத்தை ஒட்டிய வாரம். அடையாள அட்டையைக் கையோடு வைத்திருங்கள். அளவு விதிகளும் பருவ விதிகளும் அன்றைக்கும் உண்டு.

ஒன்டாரியோவை மீன்வள மண்டலங்களாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். பருவம், எண்ணிக்கை, அளவு மூன்றுமே மண்டலத்துக்கு மண்டலம் மாறும். நமக்குப் பக்கத்தில் முக்கியமானவை இரண்டு. ரைஸ் ஏரி, கவார்த்தா ஏரிகள் 17-ஆம் மண்டலம். ஒன்டாரியோ ஏரியும் அதையொட்டிய குவின்டி விரிகுடாவும் 20-ஆம் மண்டலம். 17-இல் மே இரண்டாம் சனிக்கிழமை தொடங்கி நவம்பர் 15 வரை. 20-இல் ஜனவரி 1 முதல் மார்ச் 1 வரை ஒரு பருவம். பிறகு மே முதல் சனிக்கிழமையிலிருந்து ஆண்டு இறுதி வரை இன்னொன்று. இடைப்பட்ட வசந்தகாலத்தில் பனிக்கட்டி உருகியதும் மீன்கள் ஆற்று முகத்துக்கு ஏறி, கூழாங்கல் படுகையில் முட்டையிடும். தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லையே, அதே எண்ணம்தான் இங்கும்.

விதிப் புத்தகம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. மண்டலத்துக்குப் பொது விதி ஒன்று இருக்க, குறிப்பிட்ட ஏரிக்கு விதிவிலக்கு தனியாக இருக்கும். நான் சொல்லும் எண்களை அப்படியே நம்பிப் போகாமல், கிளம்புவதற்கு முந்தைய இரவு உங்கள் ஏரியின் பெயரைத் தேடிப் பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

சாமான்

கடைக்காரர் நிறையக் காட்டுவார். தேவையானது கொஞ்சம்தான். ஆறரை அல்லது ஏழடி நீளத்தில் மெல்லிய நுனி கொண்ட ஸ்பின்னிங் கோல், 2500 அளவு ரீல், 8 பவுண்டு தாங்கும் தூண்டில் நரம்பு. ஏழெட்டு ஜிக் தலைகள், அதாவது முள்ளோடு சேர்த்து வார்த்த ஈயக்குண்டு, 3 கிராம் முதல் 7 கிராம் வரை. அதில் மாட்ட எலுமிச்சைப் பச்சை நிறத்தில் வால் சுருண்ட ரப்பர் புழு ஒரு பாக்கெட். கைவலை, நீள மூக்குக் குறடு, அளவுப் பலகை.

அளவுப் பலகையைக் கடைசியாகச் சொன்னேன், ஆனால் காசு குறைந்தால் ரப்பர் புழுவை விட்டுவிட்டு இதை வாங்குங்கள். நாடா நனைந்தால் சுருண்டுகொள்ளும், துள்ளும் மீனின்மேல் நிற்காது. ஒரு பக்கம் தடுப்பு வைத்த பலகை என்றால் மீனின் மூக்கை அதில் முட்டவைத்துப் படுக்கவைத்தால் முடிந்தது. பலகையில் நீங்கள் போகும் ஏரியின் எல்லை எண்களில் நிறநாடா ஒட்டிவிடுங்கள். என் பலகையில் 35-இலும் 50-இலும் சிவப்பு, 63-இல் நீலம். இருட்டிலும் தெரிகிறது.

உயிருள்ள இரை வேண்டுமென்றால் மண்புழு எளிது. சிறுமீனோ அட்டைப்பூச்சியோ வாங்கினால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். இரைக்கென்று 2022 முதல் தனி மண்டலங்கள் வந்திருக்கின்றன, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சிறுமீனையோ அட்டையையோ கொண்டுபோகக் கூடாது. மிஞ்சிய இரையை ஏரியில் கொட்டவும் கூடாது. மண்புழு மண்ணுக்கு நல்லதுதானே என்று கரையில் விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பனியுகத்துக்குப் பிறகு இந்தக் காடுகள் மண்புழு இல்லாமலே வளர்ந்தவை, அங்கே அது தொல்லை. குப்பையில் போடுங்கள்.

எப்போது, எப்படி

கண் விஷயத்துக்கு வருவோம். நல்ல வெயிலில் பிக்கரல் ஆழத்திலோ பாசி நிழலிலோ ஒதுங்கிக்கொள்ளும். பொழுது சாயும்போது இரை தேடி மேட்டுக்கு வரும். சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன், மறைந்தபின் ஒரு மணி நேரம்: இந்த இரண்டு மணி நேரத்துக்கு நான் ஒரு முழுப் பகலைக் கொடுப்பேன். மேகமூட்டமும், காற்றில் தண்ணீர் சிலிர்த்து அலையடிப்பதும் பகலிலேயே வாய்ப்புத் தரும். கண்ணாடி மாதிரி அசையாத ஏரி படம் எடுக்கத்தான் லாயக்கு.

கரையிலிருந்து என்றால் பாலத்தடி, கல்லணை, ஆறு ஏரியில் சேரும் முகம், பாசிப் படுகையின் விளிம்பு. ஜிக்கை வீசி, தரையைத் தொடவிடுங்கள். நரம்பு தளர்வதிலிருந்து தொட்டது தெரியும். கோலின் நுனியைச் சாண் அளவு மெல்லத் தூக்கி, மறுபடி இறங்கவிட்டு, தளர்ந்த நரம்பைச் சுற்றிக்கொள்ளுங்கள். தூக்கு, இறக்கு, சுற்று. கடி பெரும்பாலும் இறங்கும்போதுதான் விழும். இழுப்பாக இருக்காது, யாரோ கோலை விரலால் ஒருமுறை சுண்டியதுபோல் 'டொக்' என்று இருக்கும். சில சமயம் அதுவும் இருக்காது, ஈரத்துணியில் மாட்டியதுபோல் ஒரு கனம் மட்டும். இரண்டுக்கும் கோலை உயர்த்துங்கள். மீன் இல்லையென்றால் நஷ்டம் ஒன்றுமில்லை.

இதற்குக் கை பழகாதவர்கள் தக்கை கட்டலாம். முள்ளில் புழு, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் நிற்கும்படி தக்கையைச் சரிசெய்து காத்திருப்பது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதுதான் சரி.

எதை வைத்துக்கொள்வது

விதி ஒரு பக்கம், புத்தி ஒரு பக்கம். விதியிலிருந்து தொடங்குவோம்.

17-ஆம் மண்டலத்தில் 35 செ.மீட்டருக்கும் 50-க்கும் இடைப்பட்ட பிக்கரலை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். சிறியதும் தண்ணீருக்கு, பெரியதும் தண்ணீருக்கு. குவின்டி விரிகுடா உள்ள 20-ஆம் மண்டலத்தில் கணக்கு வேறு: ஸ்போர்ட் உரிமத்துக்கு ஒரு நாளைக்கு 4, கன்சர்வேஷனுக்கு 2, அதில் 63 செ.மீட்டரைத் தாண்டியது ஒன்றுக்குமேல் இருக்கக் கூடாது. நடு அளவை மட்டும் எடுக்கச் சொல்வது ஒரு வகை, நடு அளவை விடச் சொல்வது இன்னொரு வகை. மினசோட்டா பக்கத்து லேக் ஆஃப் தி வுட்ஸில் 19.5 அங்குலம் முதல் 28 அங்குலம் வரையுள்ளதைத்தான் விட வேண்டும். அதே ஏரியில் எல்லை தாண்டி ஒன்டாரியோ பக்கம் வந்தால் விதி மாறிவிடும். ஆகவே "35–50" என்று எங்கேயாவது பார்த்தால், அது எடுக்கவேண்டியதா விடவேண்டியதா என்று முழு வாக்கியத்தையும் படியுங்கள். எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போய் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

அளப்பது எப்படி? மூக்கிலிருந்து வால் நுனி வரை. வாய் மூடியிருக்க வேண்டும். வாலின் இரு மடல்களையும் விரலால் சேர்த்துப் பிடித்து, எவ்வளவு நீளம் வருமோ அவ்வளவையும் எடுக்க வேண்டும். நானே இதில் தவறியிருக்கிறேன். வால் விரிந்து கிடந்தபடி 49.5 என்று படித்து, சந்தோஷமாகக் கயிற்றில் கோக்கப் போனேன். பக்கத்தில் நின்ற முதியவர் ஒருவர் வாலைச் சேர்த்துப் பிடித்துக் காட்டினார்: 50.5. அரை செ.மீட்டருக்கு அபராதமா என்று கேட்காதீர்கள்; எல்லை என்றால் எல்லைதான். ஐயம் வந்தால் விட்டுவிடுவது என் வழக்கம்.

இனி புத்தி. நம்மில் பலருக்குப் பெரிய மீன்தான் மீன். சந்தையில் பெரிய வஞ்சிரத்துக்குக் கூட்டம் கூடிப் பழகிய கண் நம்முடையது. போதாக்குறைக்குச் சினை ஆசை. குவின்டி விரிகுடாவில் என் முதல் பனிக்காலத்தில் 66 செ.மீ. பிக்கரல் ஒன்று உறைந்த ஏரியில் போட்ட துளை வழியாக வந்தது. விதிப்படி ஒன்று வைத்துக்கொள்ளலாம், வைத்துக்கொண்டேன். வீட்டில் வயிற்றைக் கீறினால் இரண்டு பெரிய சினைப் பைகள். மிளகு போட்டு வறுத்ததை எல்லாரும் புகழ்ந்தார்கள். ஆனால் சதை? இழை தடித்து, குழம்பில் சக்கை மாதிரி இருந்தது. பாதி மீன் கோடைவரை உறைபெட்டியில் கிடந்து கடைசியில் குப்பைக்குப் போனது.

அந்தப் பைகளுக்குள் என்ன இருந்தது என்று பிறகுதான் படித்தேன். பெரிய பெட்டை மீன் ஒரு வசந்தத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேல் முட்டையிடக்கூடியது. பிக்கரலில் ஆண் அவ்வளவு பெரிதாகாது. 63-ஐத் தாண்டியது என்றால் பெரும்பாலும் பெட்டைதான். அந்த அளவுக்கு வளரப் பல ஆண்டுகள் பிடிக்கும். இருபது வயதைக் கடந்த பிக்கரல்களும் உண்டு. முட்டையைக் காவல் காக்கும் பழக்கம் இந்த மீனுக்குக் கிடையாது, கல்மேல் தூவிவிட்டுப் போய்விடும். எண்ணிக்கையால்தான் பிழைக்கிறது. ஜனவரி, பிப்ரவரியில் பிடிபடும் பெரிய பெட்டைக்கு முட்டையிடச் சில மாதங்களே பாக்கி. சட்டம் ஒன்றை அனுமதிக்கிறது, எடுப்பவரை நான் குறைசொல்லப் போவதில்லை. நான் எடுப்பதை நிறுத்திவிட்டேன்.

இன்னொரு காரணம் வயிற்றைப் பற்றியது. பிக்கரல் மற்ற மீனைத் தின்னும் மீன். தின்ற மீன்களின் பாதரசமெல்லாம் அதன் தசையில் சேர்ந்துகொண்டே போகும். மீன் பெரிதாகப் பெரிதாகப் பாதரசமும் கூடும். கொழுப்பை வெட்டி எறிந்தாலும், கழுவினாலும், வறுத்தாலும் போகாது, ஏனென்றால் அது சதைக்குள்ளேயே இருக்கிறது. ஒன்டாரியோ மீன்களை உண்பதற்கான வழிகாட்டியை மாகாண அரசு வெளியிடுகிறது: ஏரியைத் தேர்ந்தெடுத்து, மீனையும் நீளத்தையும் பார்த்தால் மாதத்துக்கு எத்தனை வேளை சாப்பிடலாம் என்று எண் இருக்கும். கருவுறும் வயதுப் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் தனி எண். ஒரே ஏரியில் சிறிய பிக்கரலுக்கும் பெரிய பிக்கரலுக்கும் அந்த எண் எவ்வளவு மாறுகிறது என்று வீட்டிலிருக்கும் பெண்களிடம் ஒருமுறை காட்டுங்கள். பெரிய மீன் கேட்பதை அவர்களே நிறுத்திவிடுவார்கள்.

ஆக, என் கணக்கு இது. 38 முதல் 48 வரை. 35 சட்டப்படி சரிதான், ஆனால் அந்த மீனில் ஒருவர் சாப்பிடும் அளவுக்குக்கூடத் துண்டு தேறாது. அது இன்னும் ஒருமுறைகூட முட்டையிட்டிருக்காமலும் இருக்கலாம். 45 செ.மீ. மீன் ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும், துண்டு போட்டால் இரண்டு பேருக்கு ஒரு வேளை. சதை வெள்ளை வெளேரென்று, மென்மையாக இருக்கும். குவின்டியில் பெரியவை நிறைய வருவதால் அங்கே 55 வரை போவேன். அதற்குமேல் வந்தால் ஒரு படம், உடனே தண்ணீர்.

ஒரு விலக்கு உண்டு. முள்ளை விழுங்கி, செவுளிலிருந்து இரத்தம் கொட்டும் மீன் அளவுக்குள் இருந்தால், 36 ஆனாலும், அதை வைத்துக்கொள்ளுங்கள். அழகான 45 பின்னால் வரும் என்று இதை விட்டால், இது செத்து மிதக்கும். அளவுக்கு வெளியே இருந்தால் வேறு வழியில்லை, நரம்பை முள்ளுக்கு அருகில் வெட்டிவிட்டு விட வேண்டியதுதான்.

ஆழத்தையும் கவனியுங்கள். 9 மீட்டருக்குக் கீழேயிருந்து விறுவிறுவென்று மேலே இழுத்த மீனின் காற்றுப்பை உப்பிவிடும். கண் பிதுங்கும், விட்டால் மல்லாந்து மிதக்கும். அந்த ஆழத்தில் பிடித்துப் பிடித்து விடுவதில் பொருளில்லை. வேண்டியது கிடைத்ததும் ஆழம் குறைந்த இடத்துக்கு மாறிவிடுங்கள்.

விடுவதும் எடுத்துவருவதும்

விடும் மீனை முடிந்தவரை வலைக்குள், தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள். கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். உலர்ந்த கை மீன்மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும். படமெடுக்கும்போது ஒரு கை வயிற்றடியில், ஒரு கை வால் பக்கம், மீன் கிடைமட்டமாக. உங்கள் மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு முட்டும்போது அதற்கும் முட்டுகிறது என்று பொருள். பிறகு தண்ணீரில் நிமிர்த்திப் பிடித்தால் தானாக உதறிக்கொண்டு போகும்.

கயிற்றில் கோத்த மீன் உங்கள் கணக்கில் சேர்ந்துவிட்டது. பெரிதாக ஒன்று வந்ததும் கோத்ததை அவிழ்த்து விடுவது குற்றம், அந்த மீனும் பிழைக்காது. அங்கேயே சுட்டுச் சாப்பிட்டதும், பக்கத்துக் கூடாரத்துக்குக் கொடுத்ததும் உங்கள் எண்ணிக்கையில்தான் வரும். வைத்துக்கொள்ளும் மீனைத் தலையில் அடித்து உடனே கொன்று, ஐஸ் பெட்டியில் வையுங்கள். வெயிலில் கயிற்றில் தொங்கிச் சாகும் மீன் வீட்டுக்கு வரும்போதே குழைந்திருக்கும்.

கரையில் வைத்துத் துண்டு போட்டுவிடாதீர்கள். அளவு வரம்பு உள்ள ஏரியிலிருந்து மீன் வீட்டுக்கு வரும்வரை அதிகாரி அளந்து பார்க்கும்படி முழுசாக இருக்க வேண்டும். குடலை மட்டும் எடுத்துவிடலாம். தலையும் வாலும் இருக்கட்டும்.

வீட்டில், செவுளுக்குப் பின்னால் கத்தியை இறக்கி நடுமுள்ளைத் தொட்டதும் படுக்கவைத்து வால் வரை ஓட்டினால் ஒரு பக்கம் வந்துவிடும். வயிற்றுப் பக்க விலா முள்ளைச் சீவியெடுங்கள். பைக் மீனில் உள்ளதுபோல் சதைக்குள் ஒளிந்திருக்கும் கவைமுள் இதில் கிடையாது. கன்னத்தில் காசு அளவில் ஒரு சதை இருக்கிறது, அதை எறியாதீர்கள். மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், உப்பு, எலுமிச்சை. அரை மணி ஊறினால் போதும். மென்மையான மீன், புளிக்குழம்பில் போட்டால் கடைசி ஐந்து நிமிடத்தில் போடுங்கள், கரண்டியால் கிளறாமல் சட்டியைச் சுழற்றுங்கள்.

கடைசியாக, உறைபெட்டி. கைவசம் வைத்திருக்கக்கூடிய எண்ணிக்கை பொதுவாக ஒரு நாள் வரம்பேதான், வீட்டு உறைபெட்டியில் உள்ளதும் அதில் சேரும். எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: தேதி, ஏரி, நீளம், மிச்சம் எத்தனை. சமைத்தவர் அடித்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு மீன்பெட்டியைத் துடைக்கும்போது அந்தத் தாளைத்தான் முதலில் பார்ப்பேன். மூன்று என்று இருந்தால், மறுநாள் குவின்டியிலிருந்து ஒன்றுதான் வரலாம்.